மைனியின் கையும் என் குடையும்

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழு, இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, ஐப்பசி பதினான்கு, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். முந்தின நாள் பிடித்த மழை விட்டுத் தூறல் மட்டும் மிச்சமிருந்தது, காற்று இல்லை. என் இடது கையில் கால் ராத்தல் சுக்குப் பொட்டலம், நாலு சக்கரத்துக்கு வாங்கியது; எங்கள் பக்கம் அப்போது இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். வலது கையில் குடை. கறுப்புத் துணி, எட்டுக் கம்பி, நுனியில் பித்தளைப் பூண், வளைந்த பிரம்புப் பிடி. ஆவணி மாதம் நாகர்கோவிலில் இரண்டு ரூபாய் ஏழு சக்கரம் கொடுத்து வாங்கியிருந்தேன். எங்கள் வீட்டு வெளிவாசல் தாழ்வானது, விரித்த குடையோடு நுழைய முடியாது. குடையை மடக்கிக்கொண்டு நான் குனிந்த நேரத்தில்தான் முற்றத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அதைச் சொல்லுமுன் அந்த வருடம் எங்கள் வீடு இருந்த நிலையைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியன் குடையை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்பது யாருக்கும் விளங்காது.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியன், சம்பளம் பதினான்கு ரூபாய். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நான்கு. மகனுக்கு அடுத்து ஒன்று பிறந்து, அழாமலே போய்விட்டது. அது வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, தொழுவத்து வைக்கோலில் கிடந்த நல்லபாம்பை நான் மண்வெட்டியால் வெட்டிக் கொன்றிருந்தேன். பிள்ளைத்தாய்ச்சியின் கணவன் உயிர்க்கொலை செய்யக்கூடாது, அதிலும் பாம்பைத் தொடவே கூடாது, சவரம் செய்துகொள்ளக்கூடாது, பாடை தூக்கக்கூடாது என்பதெல்லாம் எங்கள் பக்கத்து முறை. ஆனால் பாம்புக்கும் மகன் உட்கார்ந்து விளையாடிய இடத்துக்கும் நடுவில் நான்கு முழம்தான் இருந்தது. முறையை யோசிக்க நேரமில்லை. பிள்ளை போனபிறகு என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மனைவி மட்டும் அந்த மண்வெட்டியைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய் இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நான் படித்தவன். பாம்புக்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே, அவள் கேட்காமலே, அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பிள்ளை பிறந்து அழும் சத்தம் கேட்கும்வரை என் முகத்தில் கத்தி படாது, எறும்பைக்கூட நசுக்கமாட்டேன், ஒருவர்மேலும் கை ஓங்கமாட்டேன். அவள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளையும் போனால் அவள் தாங்கமாட்டாள் என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

சத்தியம் செய்வது ஒரு நிமிட வேலை. என் வகுப்பில் நாற்பத்தொரு பையன்கள். பிரம்பு மேசைமேல் கிடக்கும், நான் தொடமாட்டேன். முதல் இரண்டு வாரம் அவர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. தாடி விரலுக்கு அகப்படும் அளவு வளர்ந்ததும் ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். “சாருக்க வீட்டுல பிள்ளை பெறுதது வரைக்கும் அடி கெடையாதுலே” என்று பின்வரிசையில் அவன் சொன்னது, பலகையில் எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு அது வகுப்பாக இல்லை. ஒருவன் எறிந்த சிலேட்டு இன்னொருவனின் நெற்றியைப் பிளந்தது. இரண்டு பேர் கட்டிப்புரண்டதில் ஒருவனுக்கு முழங்கை நழுவியது. தலைமையாசிரியர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, “ஓய், உமக்கு ஒரு பிள்ளை பொறக்கதுக்குள்ள இஞ்ச நாலு பிள்ளை சாவும் போலிருக்கே” என்றார். நான் தாடியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

வீட்டிலும் அதே கதைதான். என் மகனுக்குக் கடிக்கிற பழக்கம், மகளுக்குக் கையில் கிடைத்ததை எறிகிற பழக்கம். ஒரு நாள் சிரட்டை பறக்கும், ஒரு நாள் ஆட்டுக்கல்லின் குழவியை உருட்டிவிடுவார்கள். என் மனைவிக்குக் குனிய முடியாது, எனக்குக் கை ஓங்க முடியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் அதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். இந்த நிலையில்தான், ஆனி மாதம் ஒரு மத்தியானம், மைனி ஒரு துணிமூட்டையோடு வந்து இறங்கினாள்.

மனைவியின் அக்காளை எங்கள் பக்கம் மைனி என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு முப்பத்துநாலு வயது, பிள்ளையில்லை. கணவனுக்கு அஞ்சுகிராமத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம். தங்கச்சியின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்திருப்பதாகச் சொன்னாள். ஐந்தாம் மாதத்தில் யார் பிரசவ ஒத்தாசைக்கு வருவார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. இடது கைச் சுண்டுவிரல் மடங்காமல் விறைத்து நின்றது. சிப்பத்தில் கருப்பட்டி எடை குறைந்ததென்று கணவன் அந்த விரலைத் தராசு மேசையில் வைத்து எடைக்கல்லால் அடித்ததாக என் மனைவி பிறகு சொன்னாள். மைனி தன் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் வந்த மறுநாளே வீட்டில் அடி தொடங்கிவிட்டது. அவள் கை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. பூரானை விளக்குமாற்றால் அடித்தாள், தேளை அம்மிக்குழவியால் நசுக்கினாள், தொட்டியைக் கவிழ்த்த கன்றை முதுகில் அறைந்தாள், என் மகனைத் தொடையில் அறைந்தாள். தம்பி அடி வாங்கும்போது மகள் எதிரே நின்று “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று உரக்க எண்ணுவாள். எண்ணி முடித்ததும் எண்ணினதற்காக அவளுக்கு ஒன்று விழும். எனக்குப் பொறுக்கவில்லை.

“மைனி, பிள்ளைகளை இப்பிடி அடிக்காண்டாம்” என்றேன் ஒருநாள்.

“நீரும் அடிக்கமாட்டேரு, அவளுக்கும் குனிய ஒக்காது. பெறவு ஆருதான் அடிக்கது வாத்தியாரே? தெருவுல போறவனைக் கூப்பிடவா?”

“சொல்லித் திருத்தலாம்லா?”

“பள்ளிக்கூடத்துல சொல்லித் திருத்தின சீர் எனக்குக் கேட்டாச்சி. சிலேட்டு பறக்குதாமே.”

என் மனைவி கதவுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அப்போது பல மாதம் ஆகியிருந்தது. அதனால் மைனியை அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். மத்தியானம் பாயில் படுக்கும்போது என் மகன், காலையில் யார் கையால் அடி வாங்கினானோ அதே கையின் விறைத்த சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். மடங்காத விரல் பிடிக்க வசதியாக இருந்தது போலும்.

ஆவணி மாதம் தொழுவத்தில் விரியன் ஒன்று வந்தது. பால் கறக்கப் போன நான்தான் பார்த்தேன். பசுவின் காலுக்கு இரண்டு சாண் தள்ளிச் சுருண்டு கிடந்தது. என் கை தானாக மூலையில் கிடந்த உலக்கைக்குப் போய்விட்டது. பின்னால் வந்த மைனி அதைப் பறித்தாள். “அங்ஙன திரும்பி நில்லும். கண்ணால பாத்தாலும் ஒட்டும்.” நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஏழு அடி கேட்டது. முதல் மூன்று ஈர மண்ணில் விழுந்த அடி. அடுத்த நான்கும் வேறு சத்தம். பசு கயிற்றை இழுத்துக்கொண்டு கதறியது. எல்லாம் அடங்கினபிறகு, “உமக்குள்ள பாவத்தை எல்லாம் இனி நானே செய்யேன் வாத்தியாரே. உமக்குப் பிள்ளை வேணும். எனக்கு ஆரு இருக்கா, போயி ஒட்டுகதுக்கு?” என்றாள். மூச்சு இரைக்கச் சிரித்தாள். அதன்பிறகு கோழி அறுப்பது, எலிப்பொறியை முக்குவது, எறும்புப் புற்றில் வெந்நீர் ஊற்றுவது எல்லாம் அவள் வேலை. நான் அதுமுதல் இரண்டரை மாதம் சுவரைப் பார்த்தே நின்றேன்.

அவள் கணவன், என் சகலன், புரட்டாசியில் ஒருதடவை வந்தான். நல்ல உயரம், நெற்றியில் சந்தனம், எதற்கும் சிரிப்பு. ஒரு குலை பழம் கொண்டுவந்திருந்தான். மைனி நெல் பத்தாயத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கன்றை அறைகிறவள், விரியனைக் கொன்றவள், அங்கே மூச்சுக்கூட விடாமல் நின்றாள். பிரசவம் முடியட்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “இன்னா பழம் கொண்டு வந்தேன். அடுத்த தடவை பழம் கொண்டு வரமாட்டேன், கேட்டேரா?” என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். பழத்தைப் பிள்ளைகள் தின்றார்கள். மைனி தொடவில்லை.

ஐப்பசி பதினான்காம் தேதி அவன் வந்தபோது கையில் பழம் இல்லை, வெட்டுகத்தி இருந்தது. நான் குனிந்து உள்ளே நுழைந்தபோது, அதைத் தென்னை மரத்தில் கொத்தி நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் மைனியின் முடியைச் சுற்றிப் பிடித்து முற்றத்துச் சேற்றில் இழுத்துக்கொண்டிருந்தான். நான் கேட்டது அவள் குரல் இல்லை. அவள் முதுகு கல்படியில் உரசி இறங்கிய சத்தம். “ஏட்டி, எனக்க வீட்டு அடுப்பு அணைஞ்சி அஞ்சு மாசம் ஆச்சி. நீ இஞ்ச இருந்து ஊரான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுதியா?” ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் இழுப்பு. மைனியின் இரண்டு கையும் சேற்றில் சும்மா கிடந்து பின்னால் வந்தன. எத்தனையை அடித்த கை. அவனுக்கு முன்னால் அது எழும்பவே இல்லை. முகத்தில் மட்டும் ஒரு கவனம் இருந்தது, எடைக்கல் எங்கே விழும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவள் போல.

“சகலரே, விடும்! நாலு பேரை வச்சுப் பேசுவோம்” என்று கத்திக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். அடுக்களை வாசலில் நிறைவயிறோடு நின்ற என் மனைவி, “நீங்க கை வைக்காதீங்க! பிள்ளையை நெனச்சிக்கிடுங்க!” என்று அலறினாள். நான் நின்றுவிட்டேன். சுக்குப் பொட்டலம் சேற்றில் விழுந்தது. சகலன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “தாடி நல்லா வளந்துருக்கே ஓய்” என்றான்.

அப்போதுதான் என் மகள் ஓடிப்போய் அவன் கெண்டைக்காலைக் கடித்தாள். கடிப்பது தம்பியின் பழக்கம். அன்றைக்கு அவள் செய்தாள். அவன் குனிந்துகூடப் பார்க்காமல் காலை வீசி உதறினான். ஆறு வயதுப் பிள்ளை கிணற்றுக் கட்டில் போய் மோதினாள். நெற்றி திறந்து ரத்தம் கண்ணுக்குள் வடிந்தது. அடுக்களை வாசலில் என் மனைவி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். வலி கண்டுவிட்டது.

குடையின் முதல் அடி அவன் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்தது எனக்குக் கைப்பிடியிலேயே தெரிந்தது. முடியை விட்டான். இரண்டாவது இடது காதில். பித்தளைப் பூண் காதுமடலைக் கீறிக்கொண்டு போயிற்று. அவன் தென்னை மரத்துக் கத்தியை நோக்கித் திரும்பினான், இடது கையை நீட்டினான்; தோளில் அடித்தேன், கழுத்தில் அடித்தேன், விழுந்தபிறகும் அடித்தேன். கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன, துணி கிழிந்து தொங்கியது, பிரம்பும் நடுத்தண்டும் மட்டும் கையில் நின்றன. எங்கள் வீட்டுப் படிகளை எண்ணுகிறவன் நான், சோற்றுக் கவளத்தை எண்ணுகிறவன், கோவில் மணியை எண்ணாமல் இருக்கத் தெரியாதவன். பதினொன்றுவரை எண்ணினது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் எண்ணவில்லை. என் வாழ்நாளில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நின்றது. முடியெல்லாம் சேறாக மைனி எழுந்து நின்றிருந்தாள்.

“இஞ்ச தாரும். மிச்சம் எனக்குள்ளது.”

குடையை வாங்கினாள். நான் வழக்கப்படி சுவர் பக்கம் திரும்பவில்லை. நான்கு அடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கி, இடம் பார்த்து, தேளை அடிப்பதுபோல் அடித்தாள். அவன் “போதும்டீ, போதும்” என்று மண்ணில் முகத்தை வைத்துச் சொன்னான். அவள் குடையைக் கிணற்றுக் கட்டில் சாத்திவிட்டு, தண்ணீர் இறைத்துக் கைகாலைக் கழுவினாள். பிறகு என் மனைவியைத் தூக்கி நிறுத்தி உள்ளே கொண்டுபோனாள். தெருவார் வந்து சகலனை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரி என் மகளின் நெற்றிக்குச் சுண்ணாம்பும் துணியும் வைத்துக் கட்டினாள். இன்னொருத்தி ஓடிப்போய், பிரசவம் பார்க்கும் வயற்றாட்டியைக் கூட்டிவந்தாள்.

நான் அறைக்கதவுக்கு வெளியே நின்றேன். மகன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் சட்டையில் கிடந்த ரத்தம் எவருடையது என்று தெரியவில்லை. ஆறு மாதம் காத்த சத்தியத்தைப் பிள்ளை வர ஐந்து மணி நேரம் இருக்கும்போது உடைத்துவிட்டேன் என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாம்பு, மண்வெட்டி, அழாத பிள்ளை. இப்போது மனுசன், குடை. உள்ளே என் மனைவி வலிக்கு நடுவில் கேட்டாள்:

“அக்கா, அவங்க அடிச்சாங்களா?”

“ஆரு, ஒனக்க மாப்பிள்ளையா? அந்த மனுசனுக்குக் கொசுவை அடிக்கத் தெரியுமாட்டி? சொவரைப் பாத்துத் திரும்பி நின்னாரு. எல்லாம் நான்தான். நீ முக்கு.”

மூன்று மணி நாற்பது நிமிடத்துக்குப் பிள்ளை பிறந்தது. வயற்றாட்டி “பொம்பளைப் பிள்ளை” என்றாள். அதற்கப்புறம் சத்தம் இல்லை. நான் எண்ணத் தொடங்கினேன். இருபது. முப்பது. போனதடவையும் இப்படித்தான் நின்று எண்ணினேன். அன்றைக்கு நூற்றுநாற்பதில் வயற்றாட்டி வெளியே வந்து கையை விரித்தாள். இந்தத் தடவை நாற்பதைத் தாண்டும்போது உள்ளே மைனியின் குரல், “இஞ்ச கொண்டா” என்றது. பிறகு ஓர் அறை. பிள்ளைகளின் தொடையில் விழுந்து விழுந்து நான் நன்றாகத் தெரிந்துவைத்திருந்த அதே அறை. இரண்டு. வயற்றாட்டி “சின்ன உடம்பு, செத்துப்போயிரும்” என்று பதறினாள். மூன்றாவது அறைக்குப் பிள்ளை வீறிட்டது. என் மகன் வேட்டியை விட்டுவிட்டு, “பெரியம்மை அடிச்சிட்டா” என்று எனக்குத் தெரிவித்தான்.

நான் அன்றைக்கே சவரம் செய்துகொண்டேன்.

வழக்கு தை மாதம் வந்தது. நான்தான் அடித்தேன் என்று கூண்டில் நான் சொன்னேன். நான்தான் அடித்தேன் என்று மைனி சொன்னாள். மாஜிஸ்திரேட்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார், மேசையில் கிடந்த குடைத்தண்டைப் பார்த்தார், ஆளுக்குப் பத்து ரூபாய் அபராதம் போட்டார். வக்கீலுக்குப் பன்னிரண்டு ரூபாய். மைனியை இனி உரிமை கேட்பதில்லை, பந்தம் விட்டுப் போயிற்று என்று சகலன் முறி எழுதிக் கொடுக்க எழுபத்தைந்து ரூபாய் கேட்டான். என் மனைவியின் காப்பை அடகு வைத்துக் கொடுத்தேன். முறிக்கு முத்திரைக் கூலியும் எழுத்துக் கூலியும் மூன்று ரூபாய் பதினான்கு சக்கரம். இடது கையால் அவன் கையெழுத்துப் போட்டான். அப்போது சிரிக்கவில்லை.

என் மனைவி என்னிடம் அந்த நாளைப் பற்றி ஒருதடவையும் கேட்டதில்லை. அக்காள் சொன்னதை நம்பிவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். பிள்ளைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒருநாள் முன்னதாகப் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அவள் கால்நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் துடைத்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, பிள்ளையின் வலது மணிக்கட்டை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாள். பிறகு இடது காதை மடக்கி, பின்பக்கம் பார்த்து, விட்டாள். வலது காதைப் பார்க்கவில்லை. எந்தக் கை, எந்தக் காது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை; வழக்குக்கூட அடுத்த வாரம்தான். நான் செருப்புச் சத்தம் கேட்கும்படி நான்கடி பின்னால் போய் மறுபடியும் வந்தேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு வயது முடியும்வரை அவள் தினமும் அப்படிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிள்ளைமேல் அடியின் அடையாளம் ஒன்றும் இருக்கவில்லை.

மைனி எங்கள் வீட்டிலேயே இருந்தாள், இருபத்திரண்டு வருடம். அன்று பிறந்த பெண்ணின் கல்யாணத்தையும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். ஒவ்வொரு ஐப்பசி பதினான்காம் தேதியும், பிள்ளைக்குப் பாயசம் விளம்பினபிறகு என் பக்கத்தில் வந்து நின்று, “வாத்தியாரே, அன்னைக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சி? சொல்லும், கொடுத்துத் தீக்கேன்” என்பாள். கருப்பட்டிக் காப்பி விற்றும் கோழி வளர்த்தும் அவள் சேர்த்த சில்லறை இடுப்பில் இருக்கும். “இன்னும் கூட்டி முடியல்ல மைனி” என்பேன். “நாலாம் கிளாஸ் வாத்தியாருக்குக் கூட்டத் தெரியாதா?” என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்பாள். அவர்கள் சிரிப்பார்கள். ஒன்றும் கொடுக்காமல், ஒன்றும் வாங்காமல், அப்படியே வருடங்கள் போயின.

இப்போது என் வயது எண்பத்துமூன்று. அன்று பிறந்தவளுடைய மகள் நிறைமாதமாக இங்கே வந்திருக்கிறாள். அவள் கணவன் தினமும் காலையில் சவரம் செய்கிறான். நேற்று எலியைப் பொறியில் பிடித்து வாளியில் முக்கினான். நான் ஒருவன்தான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். மழை பிடித்திருக்கிறது. அவனிடம் பைக்குள் அடங்குகிற மடக்குக் குடை ஒன்று இருக்கிறது. நான்கு வருடத்தில் அது மூன்றாவது குடை, அதைக்கொண்டு ஒரு தவளையைக்கூட அடிக்க முடியாது. என் குடையின் தண்டும் வளைபிடியும் அலமாரிக்கு மேல் கிடக்கின்றன. இன்று இறக்கிப் பார்த்தேன். பித்தளைப் பூண் கறுத்திருக்கிறது, பிரம்பில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். கொடுத்துத் தீர்த்துவிட்டுக் கிளம்ப மைனி இல்லாததால், இனி கூட்டிச் சொன்னால் பயமில்லை. சுக்கையும் குடையையும் சேர்த்து, நூற்றுப் பன்னிரண்டு ரூபாய், இருபத்தைந்து சக்கரம்.